கிருஷ்ணாயில் டிரைவர் கதை: ஒரு திருத்தம்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். இதில் பழைய கார் உண்டு, நம் ஊர்ச் சரித்திரம் கொஞ்சம் உண்டு, கடைசியில் நான் ஒருவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் உண்டு.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஆம்பூர் மாமாவின் அம்பாசிடரை அவருடைய பேரன் ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, துடைத்து, ஓட வைத்திருக்கிறான். 1972 மாடல், மார்க் 2. வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆக்சிலேட்டரை மிதித்தான். பானெட்டுக்குள்ளிருந்து "டப்" என்று ஒரு சத்தம். மறுபடி மிதித்தான், மறுபடி "டப்". கார்புரேட்டர் வழியாக இன்ஜின் திருப்பி அடிக்கிறது. மெக்கானிக்குகள் பேக் ஃபயர் என்பார்கள்.

வீடியோவுக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "தாத்தாவோட டிரைவர் திரும்ப வந்து கிருஷ்ணாயில் ஊத்திட்டாரு போல" என்று ஒருவர் எழுத, பன்னிரண்டு பேர் அதற்கும் சிரித்தீர்கள். இளையவர்களுக்குக்கூட அந்தக் கதை தெரிந்திருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். மாமாவிடம் இருந்த டிரைவர் பெட்ரோலைத் திருடி விற்றார், குறைந்ததற்குக் கிருஷ்ணாயிலை ஊற்றினார், கார் நடுரோட்டில் வெடித்து அவரைக் காட்டிக்கொடுத்தது, மாமா அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார். இதுதான் கதை.

அந்தக் கதை தவறு. தவறு என்று எனக்கு 1981-லிருந்தே தெரியும். 35 வருடம் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடம் நடத்தியவன், சொந்த வீட்டுச் சரித்திரத்தில் பொய் ஒன்று புழங்குவதைக் கேட்டுக்கொண்டு வெற்றிலை மென்றிருக்கிறேன். இனிமேல் அப்படி இருக்க முடியாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தச் சத்தம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாததால்தான் இவ்வளவும் நடந்தது.

பெட்ரோல் இன்ஜினில் நான்கு வேலைகள் மாறி மாறி நடக்கும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுப்பது, அதை அழுத்துவது, பிளக்கில் பொறி விழுந்து எரிந்து பிஸ்டனைத் தள்ளுவது, எரிந்த புகையை வெளியேற்றுவது. கலவை உள்ளே வருவதற்கு ஒரு வால்வு, புகை வெளியே போவதற்கு ஒரு வால்வு. இன்லெட் வால்வு திறக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் நெருப்பு அணைந்திருக்க வேண்டும். அணையாமல் கொஞ்சம் மிச்சம் இருந்தால், புதிதாக வரும் கலவையில் அது பற்றிக்கொள்ளும். பற்றியது வந்த வழியே திரும்பி ஓடிக் கார்புரேட்டர் வாயில் "டப்" என்று அடிக்கும். அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு இருப்பது தெரியாமல் புது வைக்கோலைப் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இது.

நெருப்பு ஏன் மிச்சம் இருக்கிறது? பெரும்பாலும், கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகிவிட்டதால். அப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும். அதற்குரிய நேரத்துக்குள் எரிந்து முடியாது. இதைத் தவிர இன்லெட் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். டைமிங் தவறியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் விழுந்து, ஒரு சிலிண்டருக்குப் போக வேண்டிய பொறி பக்கத்து சிலிண்டருக்குத் தாவலாம். சத்தம் ஒன்றுதான், அதற்குக் காரணம் அரை டஜன் இருக்கலாம். சைலன்சர் வழியாகப் பின்னால் வெடிப்பது வேறு சங்கதி. அதை இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

நம் பக்கத்துச் சாலைக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர், வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் மரத்தடிகளில் வைத்தியம் பார்த்து வந்தார். மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்தவருக்கு 1909-ஐ ஒட்டி ஒரு பிரெஞ்சு பெஜோ கார் கிடைத்தது. அந்தக் கார் வந்த புதிதில் பேய் வருகிறதென்று சனங்கள் வயலுக்குள் ஓடினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வரும். கண்ணால் பார்க்கும் முன்னே காதில் விழுந்திருக்கும் அல்லவா?

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பஸ்கள் கரி கேஸில் ஓடின. பஸ்ஸோடு ஒரு பெரிய உருளை அடுப்பைச் சேர்த்துக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து வரும் வாயுவை இன்ஜினுக்கு விடுவார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இந்த கேஸ் பிளான்ட்டுகளைச் செய்து கொடுத்தது. பெட்ரோல் தரும் வேகத்தை அந்த வாயு தராது. பஸ் கிளம்புவதற்கு வெகு முன்பே கரியைப் பற்றவைத்துக் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். கலவை கொஞ்சம் பிசகினால் "டப் டப்" என்று திருப்பி அடிக்கும். என் அப்பா அதைக் "கரி பஸ் இருமுது" என்பார்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப்புகள் சந்தைக்கு வந்தன. ஆம்பூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி இதில் இருக்கிறது. அந்த ஜீப்பில் கார்ட்டர் கம்பெனி கார்புரேட்டர். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூடுதலாக ஒரு மடக்குப் பெட்ரோலைப் பீய்ச்ச, அதற்குள் ஒரு சின்ன பம்ப் உண்டு. அந்தப் பம்பின் வாஷர் தோலால் செய்தது. வண்டி நாள்கணக்கில் சும்மா நின்றால் தோல் காய்ந்து சுருங்கிவிடும். மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சாது, காற்று மட்டும் போகும், ஜீப் திருப்பி அடிக்கும். தோலை எண்ணெயில் ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துப் போட்டால் சரியாகிவிடும். இதை எனக்குச் சொன்னவர் ஆம்பூரில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். "தோல் காஞ்சா இன்னா ஆவும்னு நம்மூர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும் வாத்யாரே" என்றார். இந்தப் பாயைப் பிறகு மறுபடி பார்க்கப்போகிறோம்.

அப்புறம் வந்தது அம்பாசிடர் காலம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்தது. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரைக்கும் செய்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் மண்டிக்காரர், தோல் ஷாப்புக்காரர் வீட்டு வாசலில் எல்லாம் ஒரு அம்பாசிடரோ, பம்பாயில் செய்த ஃபியட்டோ நிற்கும். தோல் வியாபாரத்தின் பேச்சும் பணமும் சென்னைப் பெரியமேட்டில். சரக்கும் ஆட்களும் இங்கே. ஆகவே கார் நம் பக்கத்தில் ஆடம்பரத்துக்கு வந்ததல்ல, தொழிலுக்கு வந்தது.

மாமா தோல் பதனிடுபவர் அல்ல. பதனிடுபவர்களுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் சப்ளை செய்தவர். அந்தக் காலத்தில் நம் பக்கத்துத் தோல் ஷாப்புகள் பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்து, பாதி பதப்படுத்திய நிலையிலேயே கப்பல் ஏற்றிவிடும். ஈ.ஐ. தோல் என்று சீமையில் அதற்கு நல்ல பெயர். 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாதித் தோலை அனுப்பாதே, முழுத் தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பு என்றது. நாட்டுக்கு அது நல்ல முடிவு. ஆம்பூர் இன்றைக்கு ஷூவுக்குப் பேர் போன ஊராக இருப்பதற்கு அதுதான் வேர். ஆனால் பட்டை விற்றவர்களுக்கு அது அடி. மாமாவின் வண்டி வண்டியான ஆவாரம்பட்டை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது.

அதே சமயம் 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் விலை ஏறியது. 1979-இல் ஈரானில் புரட்சி வந்து மறுபடி ஏறியது. ரேஷன் கடைக் கிருஷ்ணாயில் மட்டும் மலிவாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருந்தால் கலப்படம் வராமல் இருக்குமா? வந்தது. டிரைவர் கலக்கிறார், பங்க்கில் கலக்கிறார்கள் என்று எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் 1981-இல் கார் திருப்பி அடிக்க ஆரம்பித்தது.

டிரைவர் அண்ணனுக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். மாதனூர்ப் பக்கத்து கிராமம். பேர் சொல்லவில்லை, பெரியவர்களுக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போனால், என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டு விடுவது அவர்தான். பள்ளிகொண்டா தாண்டி லாரியை முந்துவதற்கு மிதித்தால் பானெட்டுக்குள் "டப்" என்கும், வண்டி திக்கும். அவரே முதலில் மாமாவிடம் சொன்னவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருடியவர் தானாகப் போய் வண்டி சரியில்லை என்று சொல்வாரா?

மாமா ஒரு பட்டறைக்கு அனுப்பினார். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். அங்கே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். சத்தம் போகவில்லை. பிறகு மாமாவே போனபோது அங்கிருந்த ஒருவர் கார்புரேட்டரை முகர்ந்து பார்த்து, "மொதலாளி, கெரசின் வாடை அடிக்குது" என்றார். அவ்வளவுதான். மாமா வீட்டுக்கு வந்து திண்ணையிலேயே விசாரணையை நடத்திவிட்டார். நான் அங்கே இருந்தேன்.

"என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன் மொதலாளி. ஒரு சொட்டு கூட ஊத்தல" என்றார் டிரைவர் அண்ணன்.

அத்தை ஏதோ சொல்ல வந்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். படித்தவன், வாத்தியார், நான் ஒரு வார்த்தை சொன்னால் மாமா யோசிப்பார் என்று நினைத்திருப்பார். நான் தரையைப் பார்த்தேன். சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் நடந்தே போனார். அந்த மாதச் சம்பளத்தில் பெட்ரோல் கணக்கு என்று சொல்லிப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இதுவும் நம் கல்யாண வீட்டுக் கதையில் வருவதில்லை.

இனி, கதையில் இல்லாத அடுத்த பாகம்.

டிரைவர் போனார். சத்தம் போகவில்லை.

அடுத்த மூன்று மாதம் மாமா தன் கண் முன்னாலேயே பெட்ரோல் போடவைத்தார். டாங்க்குக்குப் பூட்டு மூடி வாங்கினார். புது டிரைவர் வந்தார். கார் அதேபோல அடித்தது. ஒரு நாள் ஏர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்த புது டிரைவருக்குப் புருவம் பொசுங்கியது. (இளைஞர்கள் கவனிக்க: பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏர் கிளீனர் இல்லாமல் ஓட்டாதீர்கள். திருப்பி அடிக்கும் தீயைத் தடுத்து நிறுத்துவது அதுதான். முகத்தைக் கார்புரேட்டருக்கு நேராகக் கொண்டு போகவே கூடாது.) அதற்குப் பிறகுதான் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு புளியமரத்தடிப் பாயிடம் போனார்.

பாய் பானெட்டைத் திறக்கவில்லை. பீடியைப் பற்றவைக்காமல் காதில் செருகிக்கொண்டு கேள்வி கேட்டார். "அடிக்குதுன்னா எனக்கு இன்னா தெரியும்? எப்ப அடிக்குது, அத சொல்லு."

காலையில் ஸ்டார்ட் ஆகிறதா? ஆகிறது, அரைச் சுற்றில். மேட்டில் "டிக்டிக்" என்று தட்டுகிறதா? இல்லை. சைலன்சரில் புகை? இல்லை. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் நிற்காமல் குலுங்குகிறதா? இல்லை. பாய் மாமாவைப் பார்த்து, "கிருஷ்ணாயில் ஓட்ன வண்டி இது நாலயும் பண்ணும். இதுல ஒண்ணு கூட இல்ல" என்றார். மாமா பதில் பேசவில்லை.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். சும்மா நிற்கும்போது ஓட்டம் ஒரே சீராக இல்லை, ஏறி ஏறி இறங்குகிறது. அதே தாளத்தில் ஒரே இடத்தில் அடித்தால் ஒரு சிலிண்டரின் வால்வைச் சந்தேகப்படலாமாம். இது அப்படி இல்லை. ஆனாலும் ஒன்றையும் விடாமல் பார்த்தார். பிளக் வயர் வரிசை 1, 3, 4, 2 சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வெயிலில் பிடித்து விரிசல் தேடினார். பாயிண்ட் இடைவெளி பார்த்தார். டேப்பட் மூடியைக் கழற்றி எட்டு வால்வுக்கும் பீலர் கேஜ் போட்டார். ஆயிரத்தில் 15 அங்குலம் இருக்க வேண்டும், இருந்தது. பெட்ரோல் பம்பின் குழாயைக் கழற்றி பாட்டிலில் அடிக்கவிட்டுப் பார்த்தார். எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் ஒரு சின்னக் குப்பி உண்டு, அதில் எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று மேலே எழும்பி, காற்று அதிகமாகி, மிதித்தவுடன் திருப்பி அடிக்கும். எண்ணெய் இருந்தது.

"அப்ப ஏர் புடிக்குது" என்றார்.

எண்ணெய்க் கேனை எடுத்தார். கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டு, இன்ஜினோடு சேரும் இணைப்பில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் எண்ணெய் உள்ளே உறிஞ்சிக்கொண்டது. அந்த நொடியே இன்ஜின் ஓட்டம் சீரானது. இரண்டு மூச்சு நேரம்தான், எண்ணெய் தீர்ந்ததும் மறுபடி ஆட்டம். பின்னால் சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகை. மறுபடி விட்டார், மறுபடி சீரானது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கோ வாத்யாரே" என்றார். இரண்டு நட் தளர்ந்து, பேக்கிங் ஒரு ஓரத்தில் எரிந்து போயிருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று நுழைந்திருக்கிறது. அம்பாசிடர் இன்ஜினில் முதல் இரண்டு சிலிண்டருக்குக் கலவை நுழைய ஒரே வாசல், அடுத்த இரண்டுக்கு ஒரே வாசல். ஒரு ஓட்டை இரண்டு சிலிண்டரைக் கெடுத்துவிடும். புதுப் பேக்கிங் போட்டு நட்டை முறுக்கினார். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் வரவில்லை.

அப்படியானால் கிருஷ்ணாயில் வாடை? நானே கேட்டேன். பாய் சிரித்துவிட்டு, தன் காலடியில் இருந்த தகர டப்பாவைக் காட்டினார். எல்லாப் பட்டறையிலும் சாமான் கழுவுவது எதில்? கிருஷ்ணாயிலில். முதல் பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவியதும் அதில்தான். அவர்கள் கழுவிய வாடையை அவர்களே முகர்ந்து, அண்ணன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது காருக்குள் ஒரே அமைதி. ஆம்பூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது மாமா, "சரி மாப்ள, ஆனது ஆச்சு. இதைப் போய் வீட்ல ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காதே" என்றார். நான் சொல்லவில்லை. அண்ணன் வீடு எனக்குத் தெரியும். மாதனூரில் இறங்கினால் கால் மணி நடை. போகவில்லை.

மாமா கெட்டவர் அல்ல. என் காலேஜ் ஃபீஸைக் கட்டியவர். எத்தனையோ பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர். இன்றைக்கு யோசித்தால், காரில் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று, எரிந்துபோன ஒரு பேக்கிங். அண்ணன் வேலை போனதற்குத்தான் காரணம் பல. பட்டை வியாபாரம் படுத்தது, பெட்ரோல் விலை ஏறியது, ஊரெல்லாம் கலப்படப் பேச்சு, ஏற்கனவே மாமா மனதில் இருந்த சந்தேகம். கடைசியாக, வாயைத் திறக்காத ஒரு வாத்தியார்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைப் புரட்சி. "காரணங்கள் யாவை?" என்று ஐந்து மார்க் கேள்வி. தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர்களுக்கு நான் ஒரு மார்க்குக்கு மேல் போட்டதில்லை. தாடி மீசைக்குக் கட்டுப்பாடு, நெற்றிக் குறிக்குத் தடை, கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள், சிப்பாய்களின் பழைய மனக்குறை எல்லாம் எங்கே என்று கேட்டுச் சிவப்பு மையில் கோடு போடுவேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஐந்து காரணம் கேட்ட நான், ஒரு மனிதனின் பிழைப்புப் போன அன்று ஒரு காரணத்தோடு நின்றுவிட்டேன். அன்றைக்குப் பள்ளி லேபிலிருந்து ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர் எடுத்து வந்து, டாங்க்கிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் போதும். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகிவிடும். கிருஷ்ணாயில் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். பெட்ரோல் பங்க்குகளில் இன்றைக்கும் நாம் கேட்டால் செய்து காட்ட வேண்டிய சோதனை அது. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். நான் செய்யவில்லை.

இப்போது வீடியோவில் வந்த "டப்" சத்தத்துக்கு வருவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூர் போனேன். பேரன் கூட்டி வந்த மெக்கானிக் என் பழைய மாணவன்தான், பேர் போட வேண்டாம் சார் என்றான். பேரன் நடுவில், "மாமா, அந்த மேனிஃபோல்டு பேக்கிங்தானே? நீங்க சொன்னீங்களே" என்றான். என் மாணவன், "அது அப்போ. இப்போ என்னன்னு பார்க்கணும்" என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

எண்ணெய்க் கேன் சோதனையைத்தான் முதலில் செய்தான். இணைப்பில் ஓட்டை இல்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தான். கார்புரேட்டர் குப்பியில் எண்ணெய் காய்ந்து போயிருந்தது. பெட்ரோல் வரும் ஃபில்டரில் செம்மண் போல வண்டல். ரப்பர் டியூப் ஒன்று ஊறிக் கொழகொழவென்று ஆகியிருந்தது. "சார், இப்ப வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால். அது பழைய டாங்க்ல ஒட்டிக்கிட்டு இருக்கிற பிசினையும் துருவையும் கரைச்சு இழுத்துட்டு வருது. பழைய ரப்பருக்கும் ஆகாது" என்றான். 2023-இல் அறிமுகமாகி 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்ட இருபது சதவீத எத்தனால் பெட்ரோலைச் சொன்னான். இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே 1972-இல் அன்றைய பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டரில் இன்றைய பெட்ரோலை விட்டால், இன்ஜினுக்குக் காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் போய்ச் சேரும். புதிய கார்களில் கம்ப்யூட்டர் இதைச் சரிசெய்துகொள்ளும். இதில் மனிதன்தான் செய்ய வேண்டும்.

டாங்க்கை இறக்கிக் கழுவினான், ஃபில்டரும் டியூபும் மாற்றினான், குப்பிக்கு எண்ணெய் விட்டான். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் கார்புரேட்டர் பிஸ்டனைக் கால் நூல் அளவு தூக்கிப் பார்த்தான். இன்ஜின் சட்டென்று அணையப் போனால் பெட்ரோல் போதவில்லை, வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், லேசாக ஏறி உடனே பழையபடி வந்தால் சரியான அளவு. அணையப் போனது. அடியில் இருக்கும் ஜெட் நட்டை இரண்டு பட்டை இறக்கினான். மறுபடி தூக்கிப் பார்த்தான், சரியாக வந்தது. வேலூர் வரைக்கும் போய் வந்தோம். பள்ளிகொண்டா பக்கம் லாரியை முந்தும்போது பேரன் நன்றாகவே மிதித்தான். சத்தம் இல்லை. இந்த முறை காரணம் ஒன்றல்ல, மூன்று.

டிரைவர் அண்ணன் பிற்பாடு பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஓட்டினார். மறுபடி கார் வேலைக்கு இந்தப் பக்கத்தில் அவரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய் நின்றிருக்கும். பத்து வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவர் அன்று திண்ணையில் சத்தியம் செய்தது எந்தப் பெண் பேரிலோ, அந்தப் பெண் பிறகு என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தாள். நல்ல மார்க். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "உங்களை அப்பா கேட்டாரு சார்" என்று ஒரு முறை சொன்னாள். "நல்லா இருக்காரா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.

அம்மா, நீ இந்தப் பக்கத்தில் என் பதிவுகளைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா பெட்ரோல் திருடவில்லை. கிருஷ்ணாயில் ஊற்றவில்லை. வண்டி சரியில்லை என்று முதலில் சொன்னவரே அவர்தான். அது எனக்கு அந்த வருடமே தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னித்துவிடு. அவர் உயிரோடு இருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இனி நம் வீட்டுக் கல்யாணத்தில் யாராவது அந்தக் கதையை எடுத்தால், முழுக் கதையையும் சொல்லுங்கள். முழுதும் சொல்ல நேரம் இல்லையென்றால் எடுக்காதீர்கள். பிடித்து வைத்த அரை மாதச் சம்பளத்தைப் பற்றி மாமாவின் பேரனிடம் பேசியிருக்கிறேன். அவன் தலையாட்டினான். வருகிற ஞாயிறு நாங்கள் இருவரும் மாதனூர் போகிறோம். அந்த அம்பாசிடரில்தான்.

நலமே வாழ்க.